நிறுவாமல் ஓடும் இயங்குதளம்

புதுக் கணினி ஒன்றில் லினக்ஸ் நிறுவுகிறோம். பென் டிரைவைச் செருகியதும் மொழி எது, ஊர் எது, கடவுச்சொல் என்ன என்று வரிசையாகக் கேட்டுவிட்டுத் திரையில் ஒரு பட்டை மெல்ல நகரத் தொடங்கும். அந்த நேரத்தில் நடப்பது பெரும்பாலும் வெறும் நகலெடுப்புதான். நம்மிடம் இல்லாத அச்சுப்பொறிகளுக்கான இயக்கிகள், நமக்குத் தெரியாத மொழிகளின் எழுத்துருக்கள், உலகின் எல்லா நேர மண்டலங்களுக்கும் உரிய அட்டவணைகள் என்று லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் வட்டில் வந்து இறங்குகின்றன. இவற்றில் எத்தனை கோப்புகளைக் கணினி ஒருமுறையாவது திறந்து படிக்கும்?

இதற்கு நெருக்கமான ஒன்றை அளந்து பார்த்திருக்கிறார்கள். கன்டெய்னர் என்று ஒன்று உண்டு. ஒரு மென்பொருளையும் அது ஓடுவதற்குத் தேவையான இயங்குதளக் கோப்புகளையும் சேர்த்துக் கட்டிய பொதி அது. இணைய நிறுவனங்கள் இத்தகைய பொதிகளைத்தான் ஆயிரக்கணக்கில் தங்கள் கணினிகளில் இறக்கி ஓட்டுகின்றன. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும் இப்படிப்பட்ட 57 பொதிகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் தொடங்கும்போது என்ன நடக்கிறது என்று கூர்ந்து பதிவுசெய்து 2016இல் வெளியிட்டார்கள். தொடங்க ஆகும் நேரத்தில் 76 சதவீதம் பொதியை இறக்குவதிலேயே போகிறது. அப்படி இறக்கிய தரவில் வேலை தொடங்கப் படிக்கப்படுவது 6.4 சதவீதம்தான். வீட்டுக் கணினிக்கு இந்த எண் அப்படியே பொருந்தாது. ஆனாலும் திசை இதுவே: இயங்குதளத்தின் பெரும்பகுதி, என்றைக்காவது தேவைப்படலாம் என்பதற்காக மட்டுமே வட்டில் கிடக்கிறது.

ஒரு வேளை சாம்பார் வைக்க மளிகைக் கடையையே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருகிறோம் என்று வையுங்கள். கடை தெருமுனையில்தான் இருக்கிறது. வேண்டியதை வேண்டும்போது வாங்கி, அன்றாடம் புழங்குவதை அஞ்சறைப்பெட்டியில் போட்டுக்கொண்டால் போதுமே. இயங்குதளத்தையும் இப்படி எங்கோ ஓரிடத்தில் ஒரே ஒரு முறை நிறுவிவிட்டு, ஆயிரம் கணினிகள் தமக்கு வேண்டிய கோப்பை வேண்டிய நொடியில் வாங்கிக்கொள்ள முடியாதா?

முடியும். நாற்பது ஆண்டுகளாக மனிதர்கள் இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள். இதற்கு அடிப்படையாக இருப்பது பரவல் கோப்பு முறைமை. கோப்பு முறைமை என்பது, வட்டில் இறைந்து கிடக்கும் பைட்டுகளைப் பெயருள்ள கோப்புகளாகவும் அடைவுகளாகவும் நமக்குக் காட்டும் ஏற்பாடு. அந்தப் பைட்டுகள் நம் பெட்டிக்குள் இல்லாமல் நெட்வொர்க்கின் மறுமுனையில், ஒன்றோ பலவோ சர்வர்களில் இருந்தால் அது பரவல் கோப்பு முறைமை.

முதல் அடியிலேயே ஒரு சிக்கல். நெட்வொர்க் வழியாகக் கோப்பு வரவேண்டுமென்றால் நெட்வொர்க் அட்டையை இயக்கத் தெரிந்த நிரல் வேண்டும். சர்வரோடு பேசத் தெரிந்த நிரலும் வேண்டும். அந்த இரண்டும் இயங்குதளத்துக்குள் இருக்கின்றன. இயங்குதளமோ நெட்வொர்க்கின் மறுமுனையில் இருக்கிறது.

இந்த வட்டத்தை வெட்டும் விதம் எனக்கு எப்போதும் பிடித்தமானது, ஏனென்றால் அதில் மாயம் எதுவும் இல்லை. ஒவ்வொரு படியிலும் ஒரு சிறிய நிரல், தன்னைவிடச் சற்றுப் பெரிய நிரலைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

நெட்வொர்க் அட்டையிலோ தாய்ப்பலகையிலோ அழியாத நினைவகச் சில்லு ஒன்று இருக்கும். மின்சாரம் வந்ததும் அதிலுள்ள குட்டி நிரல் விழித்துக்கொள்கிறது. தான் இருக்கும் கணினிக்கு இன்னும் நெட்வொர்க் முகவரிகூட இல்லை. சர்வர் எது என்றும் தெரியாது. தெரிந்த ஒரே சங்கதி, தொழிற்சாலையிலேயே அட்டையில் பொறித்து அனுப்பிய 48 பிட் எண். அதைச் சொல்லி, கேபிளில் இணைந்துள்ள எல்லாருக்கும் கேட்கும்படி ஒரு சேதி அனுப்புகிறது. அனுப்புநர் முகவரி என்ற இடத்தில் நான்கு பூஜ்யங்கள். பெறுநர் முகவரி 255.255.255.255, அதாவது ‘கேட்கும் எவரும்’. பதில் சொல்லும் பொறுப்பில் இருக்கும் சர்வர் மூன்று விவரங்களைத் திருப்பி அனுப்பும்: உனக்கான முகவரி இது, நீ அணுக வேண்டிய சர்வர் இது, நீ கேட்க வேண்டிய கோப்பின் பெயர் இது. ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த பில் கிராஃப்ட், சன் மைக்ரோசிஸ்டம்ஸைச் சேர்ந்த ஜான் கில்மோர் இருவரும் 1985இல் எழுதிய பூட்-பி என்ற நெறிமுறை இது. இன்று வீட்டு வைஃபை பெட்டி நம் கைப்பேசிக்கு முகவரி தருவதும் இதன் வழித்தோன்றலான டி.எச்.சி.பி. நெறிமுறையில்தான்.

அடுத்தது, சொல்லப்பட்ட கோப்பை வாங்குவது. அதற்கு டி.எஃப்.டி.பி. என்ற இன்னும் பழைய முறை. 1981இல் வந்தது. கோப்பை 512 பைட் துண்டுகளாக நறுக்கி, ஒரு துண்டை அனுப்பிவிட்டு, ‘வந்தது’ என்ற பதில் கிடைத்த பிறகே அடுத்த துண்டை அனுப்பும். 512க்குக் குறைவான துண்டு வந்தால் கோப்பு முடிந்தது என்று பொருள். இவ்வளவுதான் விதி. கணக்குப் போட்டால் இதன் குறை உடனே தெரியும். பத்து மெகாபைட் கோப்புக்கு 20,480 துண்டுகள். ஒரே கட்டடத்துக்குள் ஒரு துண்டு போய்ப் பதில் வர அரை மில்லிநொடி ஆகிறதென்றால் மொத்தம் பத்து நொடி. அதே சர்வர் கண்டம் தாண்டி இருந்து, போய்வர நூறு மில்லிநொடி ஆனால் 34 நிமிடம்! துண்டின் அளவைப் பெரிதாக்கும் வசதியைப் பிற்பாடு சேர்த்தார்கள். ஆனாலும் இந்த எளிமைதான் அதன் பலம். சில கிலோபைட் இடத்துக்குள் எழுதிவிடக்கூடிய நெறிமுறை என்பதால்தான் சில்லுக்குள் அது அடங்கியது. இன்டெல் 1999இல் பி.எக்ஸ்.இ. என்ற பெயரில் இந்தப் படிகளையெல்லாம் ஒழுங்குபடுத்திய பிறகு, கேபிள் செருகும் வசதியுள்ள கணினிகள் பெரும்பாலானவற்றிலும் இது வந்துவிட்டது.

இப்படி வந்து சேருவது இயங்குதளத்தின் கருவான கெர்னலும், அதனோடு சுருக்கிக் கட்டிய ஒரு சிறு பொட்டலமும். பொட்டலம் வட்டில் இறங்குவதில்லை, நினைவகத்திலேயே விரிகிறது. பல வகை நெட்வொர்க் அட்டைகளுக்கான இயக்கிகளும், பரவல் கோப்பு முறைமையின் வாடிக்கை நிரலும் அதில் இருக்கும். வட்டம் இங்கேதான் அறுபடுகிறது. சர்வரோடு பேசத் தேவையான நிரல், சர்வரின் கோப்பு முறைமை இல்லாமலே வந்து சேர்ந்துவிட்டது. இனி கெர்னல் தொலைவிலுள்ள அடைவு ஒன்றைத் தன் மூல அடைவாக, அதாவது மற்ற எல்லா அடைவுகளும் அடங்கும் உச்சி அடைவாக, ஏற்றுக்கொள்கிறது. பொட்டலம் நீக்கப்படுகிறது. அதன்பின் இயங்கும் ஒவ்வொரு நிரலும் தூரத்திலிருந்து வருகிறது.

வேர்டு போன்ற எழுதும் செயலிக்கோ, உலாவிக்கோ இது தெரியாதா? தெரியாது. திற, படி, எழுது, மூடு என்று நிரல்கள் கெர்னலிடம் கேட்பது எப்போதும் ஒரே விதமாகத்தான். கேட்டதை உள்ளூர் வட்டிலிருந்து எடுப்பதா, கேபிள் வழியாக வரவழைப்பதா என்பது கெர்னலுக்குள் ஓர் அடுக்குக்குக் கீழே முடிவாகிறது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியாளர்கள் 1980களின் நடுவில் என்எஃப்எஸ் என்ற பிணையக் கோப்பு முறைமையை உருவாக்கியபோது, கெர்னலில் இந்த இரண்டு அடுக்குகளையும் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள். இந்தத் துறையில் நடந்த மிக முக்கியமான வேலை அதுவே என்பது என் கணிப்பு. வட்டு விலை உச்சத்தில் இருந்த அந்தக் காலத்தில், வட்டே இல்லாத பணிநிலையங்களைச் சன் விற்றது. பொறியாளரின் மேசைமேல் இருந்த கணினியில் ஓடிய யூனிக்ஸ் இயங்குதளம் முழுவதும் வேறோர் அறையிலிருந்து வந்தது.

இதுவரை சொன்னது, ஏற்கெனவே நிறுவப்பட்ட இயங்குதளத்தைத் தொடங்குவது பற்றி. தொலைவிலுள்ள அந்த அடைவில் இயங்குதளத்தை முதலில் நிறுவுவது எப்படி? வட்டில் எழுதுவதுபோலவே அங்கும் எழுதிவிடலாம் என்றுதான் தோன்றும். எழுதிப் பார்த்தால்தான் தெரியும், இயங்குதளம் சாதாரணக் கோப்புக் குவியல் இல்லையென்று.

நிறுவும் நிரல் ஒரு கோப்பை வைத்ததும், ‘இதன் உரிமையாளர் இன்னார்’ என்று மாற்றும். அந்த அதிகாரம் கணினியின் தலைமைப் பயனருக்கு மட்டும் உண்டு. என்எஃப்எஸ் சர்வரோ, எங்கிருந்தோ வரும் தலைமைப் பயனரை நம்புவதில்லை. கேபிளின் மறுமுனையில் யார் தன்னைத் தலைமைப் பயனர் என்று சொல்லிக்கொண்டாலும், வழக்கமான அமைப்பில் அவரை அதிகாரமற்ற பெயரிலிப் பயனராக மாற்றிவிடும். பாதுகாப்புக்கு இது சரி. நிறுவலோ முதல் சில கோப்புகளிலேயே முறிந்து நிற்கும். நிறுவும் நேரத்துக்காவது சர்வரிடம் இந்த விதியைத் தளர்த்தச் சொல்லியாக வேண்டும். அல்லது சர்வர் கணினியிலேயே உட்கார்ந்து அந்த அடைவுக்குள் நிறுவ வேண்டும். அனுபவமுள்ள நிர்வாகிகள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் செய்கிறார்கள்.

அடுத்த தொல்லை எழுதுவது. நாற்பது கணினிகள் ஒரே மூல அடைவைப் பகிர்ந்தால், நாற்பதும் தம் பெயரை ஒரே கோப்பில் எழுதும், நாட்குறிப்புகளை ஒரே பதிவேட்டில் கொட்டும். இதற்குத் தீர்வு அடுக்கு. கீழே பொதுவான, படிக்க மட்டுமே அனுமதியுள்ள அடுக்கு; மேலே ஒவ்வொரு கணினிக்கும் சொந்தமான, எழுதக்கூடிய மெல்லிய அடுக்கு. ஒரு கோப்பைத் திருத்தினால் அது முதலில் மேலடுக்குக்கு நகலாகி, திருத்தம் அங்கே நடக்கும். கீழடுக்கிலுள்ள கோப்பை நீக்கினால்? அங்கே கைவைக்க முடியாது; ஆகவே ‘இப்பெயரில் எதுவும் இல்லை’ என்ற குறி ஒன்று மேலடுக்கில் வைக்கப்படும். பார்ப்பவருக்குக் கோப்பு போய்விட்டது. 2014 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 3.18 முதல் ஓவர்லே என்ற பெயரில் இந்த அடுக்கு முறை கெர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது. மேலடுக்கை நினைவகத்தில் வைத்தால், கணினியை அணைத்ததும் எல்லாத் திருத்தங்களும் மறைந்து மறுநாள் காலை புத்தம்புதிதாக எழும்.

கீழடுக்கைப் புதுப்பிப்பதுதான் கத்திமேல் நடக்கும் வேலை. கணினிகள் ஓடிக்கொண்டிருக்கும்போது சர்வரில் பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நூலகக் கோப்பு ஒன்றை மாற்றினால், பழையதைத் திறந்து வைத்திருந்த நிரல் அடுத்த பக்கத்தைக் கேட்கும்போது அந்தக் கோப்பே இருக்காது. நிரல் அதே இடத்தில் விழும்.

இந்த இடத்தில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் உள்ள இந்தப் பல்கலைக்கழகமும் ஐபிஎம் நிறுவனமும் சேர்ந்து 1980களின் தொடக்கத்தில் ஆண்ட்ரூ என்ற திட்டத்தைத் தொடங்கின. வளாகம் முழுக்க 5,000க்கும் மேற்பட்ட பணிநிலையங்கள், எல்லாருக்கும் பொதுவாக ஒரே கோப்பு வெளி என்பது இலக்கு. அதன் கோப்பு முறைமையை வடிவமைத்த குழுவின் முன்னணியில் இருந்தவர் மகாதேவ் சத்தியநாராயணன். சென்னை ஐஐடியில் இளநிலை, முதுநிலைப் பட்டங்கள் பெற்றுவிட்டு முனைவர் பட்டத்துக்காகக் கார்னெகி மெலன் போனவர். ஊகத்தில் வடிவமைக்காமல் அளந்துவிட்டு வடிவமைக்கும் பழக்கம் அவரிடம் இருந்தது. பல்கலைக்கழகக் கணினியிலுள்ள கோப்புகள் எவ்வளவு பெரியவை, எவ்வளவு காலம் வாழ்கின்றன என்று எண்ணி 1981லேயே ஆய்வுக்கட்டுரை வெளியிட்டிருந்தார். கோப்புகளில் மிகப் பெரும்பான்மை சிறியவை என்று அந்த எண்ணிக்கை காட்டியது. சிறியது என்றால் முழுசாகவே வாங்கி வைத்துக்கொள்ளலாமே! கோப்பைத் திறக்கும்போது முழுக்கோப்பும் பணிநிலையத்தின் சிறு வட்டுக்கு வரும். படிப்பதும் எழுதுவதும் அங்கேயே. மூடும்போது மாற்றம் இருந்தால் மட்டும் சர்வருக்குத் திரும்பும். அஞ்சறைப்பெட்டி போன்ற இந்த இருப்பைக் கணினித் துறையில் கேச் என்கிறோம்.

ஏறத்தாழ நூறு பணிநிலையங்களும் ஆறு சர்வர்களும் கொண்ட முதல் மாதிரியை ஓடவிட்டார்கள். சர்வர்கள் திணறின. கோப்புகள்தான் கேச்சில் இருக்கின்றனவே, பிறகு ஏன்? சர்வருக்கு வரும் கோரிக்கைகளை வகை பிரித்து எண்ணிப் பார்த்தார்கள். பத்தில் ஏறத்தாழ ஒன்பது கோரிக்கைகள் கோப்பை வாங்க வந்தவையே இல்லை. ‘என்னிடம் உள்ள பிரதி இன்னும் செல்லுமா?’, ‘இந்தக் கோப்பின் அளவும் தேதியும் என்ன?’ என்று விசாரிக்க வந்தவை. கோப்பை எடுக்கவும் வைக்கவும் வந்த கோரிக்கைகள் நூற்றுக்கு ஆறு அளவில்தான்.

நோய் தெரிந்ததும் மருந்து எளிதாகிவிட்டது. பெட்டியிலுள்ள மிளகு இன்னும் நல்லதுதானா என்று தாளிக்கும்போதெல்லாம் கடைக்கு ஓட வேண்டாம். சரக்கு மாறினால் கடைக்காரரே சொல்லி அனுப்புவார். சர்வர் ஒரு கோப்பைத் தரும்போதே, ‘இது மாறினால் நான் தெரிவிக்கிறேன்’ என்ற வாக்கையும் சேர்த்துத் தரும். தகவல் வராதவரை பிரதி செல்லும். திருத்திய வடிவத்தின் அளவீடுகளைக் குழு 1988இல் வெளியிட்டது. சொந்த வட்டில் தனியே ஓடும் கணினியைவிட முதல் மாதிரி 70 சதவீதம் மெதுவாக இருந்தது. புதிய வடிவம் 19 சதவீதம்தான் மெதுவாக இருந்தது. ஏஎஃப்எஸ் எனப்படும் இந்த ஆண்ட்ரூ கோப்பு முறைமைக்காகச் சத்தியநாராயணனுக்கும் சக வடிவமைப்பாளர்களுக்கும், ஏசிஎம் என்ற கணினியாளர் சங்கத்தின் 2016ஆம் ஆண்டு மென்பொருள் அமைப்பு விருது கிடைத்தது.

இயங்குதளத்துக்கு இதில் என்ன லாபம்? ஆண்ட்ரூ பணிநிலையங்களில் யூனிக்ஸின் நிரல் அடைவுகள் வெறும் சுட்டிகளாக இருந்தன. உண்மையான நிரல்கள் பொது வெளியில். அடிக்கடி படிக்கப்பட்டு அரிதாக மாறும் இந்த நிரல் தொகுதிகளுக்கு, படிக்க மட்டுமேயான பிரதிகளைப் பல சர்வர்களில் வைத்தார்கள். புதிய பதிப்பு தயாரானதும் தொகுதி முழுவதும் ஒரே வீச்சில் மாறும்; பாதி பழசு, பாதி புதுசு என்ற நிலை இல்லை. ஆனால் மூல அடைவு முழுவதையும் ஏஎஃப்எஸ்ஸில் நிறுவ முயன்றவர்கள் முட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அனுமதிகளை அது கோப்புவாரியாகப் பார்க்காமல் அடைவுவாரியாகப் பார்க்கும். சாதனங்களைக் குறிக்கும் சிறப்புக் கோப்புகளுக்கு அதில் இடமில்லை. ஒரே கோப்புக்கு இரண்டு அடைவுகளில் பெயர் வைக்கவும் விடாது. இயங்குதளம் இந்த மூன்றையுமே எதிர்பார்க்கும். எனவே தொடங்கத் தேவையான சிறு பகுதி உள்ளூரிலேயே இருந்தது.

அந்த மிச்சத்தையும் பெருமளவு துறந்த அமைப்பு ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் பிறந்தது. அங்குள்ள 27 கிலோமீட்டர் துகள் மோதுவளையம் தரும் தரவை ஓரிடத்தில் ஆராய முடியாது. 40க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 170 கணினி மையங்கள் அந்த வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன. மும்பையின் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனமும் கொல்கத்தாவின் மாறும் ஆற்றல் சைக்ளோட்ரான் மையமும் அவற்றில் அடக்கம். ஆராயும் மென்பொருளோ அடிக்கடி மாறுவது, எண்ணற்ற சிறு கோப்புகளால் ஆனது. ஒவ்வொரு மையத்திலும் தனித்தனியே நிறுவிக்கொண்டிருந்தபோது, ஓரிடத்தில் ஓடியது இன்னோரிடத்தில் ஓடாது. இதற்காக உருவானது செர்ன்விஎம் கோப்பு முறைமை.

இதில் எழுதும் உரிமை ஒரே ஓர் இடத்துக்கு மட்டும். மற்ற எல்லாரும் படிப்பவர்கள். ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்தையும் ஒரு நிலையான கணக்கீட்டில் போட்டு, 160 பிட் நீளமுள்ள அடையாள எண் ஒன்றை எடுக்கிறார்கள். ஒரு பைட் மாறினாலும் எண் முற்றிலும் மாறிவிடும். கோப்பு சர்வரில் சேமிக்கப்படுவதும் அந்த எண்ணின் பெயரிலேயே. ஒரே உள்ளடக்கம் நூறு பதிப்புகளில் வந்தாலும் எண் ஒன்று, சேமிப்பு ஒன்று. எந்த அடைவில் எந்தப் பெயருக்கு எந்த எண் என்பதைச் சொல்லும் பட்டியல் தனிக் கோப்பு. அதற்கும் ஓர் அடையாள எண். தலைப்பட்டியலின் எண்ணில் மட்டும் வெளியிடுபவர் டிஜிட்டல் கையொப்பம் இடுகிறார். வாடிக்கைக் கணினி கையொப்பத்தைச் சரிபார்த்தால் தலைப்பட்டியல் உறுதி. பட்டியல் உறுதியென்றால் அது சொல்லும் எண் உறுதி. வந்த கோப்பைத் தானே கணக்கிட்டு எண்ணோடு ஒப்பிட்டால் கோப்பும் உறுதி. நடுவில் எத்தனை பேரின் கைமாறி வந்தாலும் கவலையில்லை. அதனால்தான் சாதாரண வலைப்பக்கங்களைத் தேக்கிவைக்கும் இடைநிலை சர்வர்களே இதற்கும் போதுமானவை.

இதில் இன்னொரு நுட்பம் எளிதில் கண்ணில் படாது. ஒரு நிரல் தொடங்கும்போது தனக்கு வேண்டிய நூலகக் கோப்பைப் பத்திருபது அடைவுகளில் வரிசையாகத் தேடும். பெரும்பாலான இடங்களில் கிடைக்கும் பதில் ‘இல்லை’ என்பதுதான். என்எஃப்எஸ்ஸில் அந்த ‘இல்லை’யைக் கேட்டுவரவும் சர்வருக்குப் போக வேண்டியிருக்கும். ஆயிரக்கணக்கான கணக்கீட்டுப் பணிகள் ஒரே நேரத்தில் தொடங்கினால் சர்வர் இந்த ‘இல்லை’களிலேயே மூழ்கிவிடும். செர்ன் முறையில் பட்டியல் முழுவதும் ஏற்கெனவே கணினிக்கு வந்துவிட்டது; ‘இல்லை’ என்பதைத் தானே சொல்லிக்கொள்ளும்.

யாகோப் புளோமர் உள்ளிட்ட செர்ன் குழுவினர் 2013இல் அடுத்த அடி எடுத்துவைத்தார்கள். மென்பொருளுக்காகக் கட்டிய இந்த முறைமை யூனிக்ஸ் விதிகளை ஒழுங்காகக் காப்பாற்றுகிறது; அப்படியானால் இயங்குதளத்தையே இதில் வைத்தால் என்ன? மைக்ரோ செர்ன்விஎம் பிறந்தது. மென்பொருளாலேயே உருவாகும் மெய்நிகர் கணினிக்குத் தரும் வட்டுப் பிம்பம், அதாவது வட்டின் முழு உள்ளடக்கமும் அடங்கிய கோப்பு, 20 மெகாபைட் அளவுதான். அதற்குள் லினக்ஸ் கெர்னலும் கோப்பு முறைமையின் வாடிக்கை நிரலும். மீதி இயங்குதளம் முழுவதும் நெட்வொர்க்கில், கேட்கும்போது கேட்ட கோப்பு மட்டும். மேலே எழுதக்கூடிய அடுக்கு. பழைய முறையில் இதே வேலைக்கு உருவாக்கிய பிம்பங்களைவிடப் பத்து மடங்கு அளவில் இது சிறியது.

எனக்கு இதில் பெரிதாகத் தோன்றுவது அளவுச் சுருக்கத்தைவிட வேறொன்று. எண்ணின் பெயரில் சேமிக்கப்படுவதால் பழைய பதிப்பின் கோப்புகள் அழிவதில்லை. பழைய தலைப்பட்டியலைச் சுட்டினால் போதும், சில ஆண்டுகளுக்கு முந்தைய இயங்குதளம் அச்சுப்பிசகாமல் மீண்டும் எழும். ஒரு கண்டுபிடிப்பைச் சரிபார்க்க விரும்புபவருக்குத் தரவு மட்டும் கிடைத்தால் போதாது, அதை ஆராய்ந்த மென்பொருளும் அது ஓடிய சூழலும் வேண்டும். செர்ன் மோதுவளையத்தில் ஆய்வு நடத்தும் சிஎம்எஸ் குழு தனது 2010ஆம் ஆண்டுத் தரவுகளை 2014 நவம்பரில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டபோது, கூடவே செர்ன்விஎம் மெய்நிகர் கணினி ஒன்றையும் தந்தது இதனால்தான்.

தூரத்து இயங்குதளத்துக்கென்றே உரிய ஆபத்துகளும் உண்டு. முகவரியைப் புதுப்பிக்கும் நிரல் ஒரு கணம் நெட்வொர்க்கை இறக்கி ஏற்ற நினைத்தால், இறக்கியது இறக்கியதுதான். ஏற்றும் கட்டளையின் கோப்பே மறுமுனையில் இருக்கிறது. நினைவகம் நிரம்பும்போது பழைய பக்கங்களை நெட்வொர்க் வழியாக வெளியே தள்ளி இடம் பண்ணலாம் என்றால், அப்படித் தள்ளும் பொதியைக் கட்டவும் கொஞ்சம் நினைவகம் வேண்டும். அதற்காகவே ஓரளவை ஒதுக்கி வைக்காவிட்டால் கணினி உறைந்துபோகும். அணைக்கும்போது இன்னொரு சிக்கல். இயங்கும் நிரல்களையெல்லாம் வரிசையாக நிறுத்துவது அணைக்கும் நிரலின் வேலை. மூல அடைவைத் தாங்கிக்கொண்டிருக்கும் வாடிக்கை நிரலையும் அது நிறுத்திவிட்டால் மீதி வேலையை முடிக்க ஒன்றும் மிஞ்சாது. லினக்ஸில் பரவலாகப் புழங்கும் சிஸ்டம்-டி இதற்கு ஒரு மரபு வைத்திருக்கிறது: மூல அடைவைத் தாங்கும் நிரல் தன் பெயரின் முதல் எழுத்தை, மின்னஞ்சல் முகவரியில் வரும் @ குறியாக மாற்றிக்கொண்டால் அதை நிறுத்தாமல் விட்டுவிடும்.

கெர்னலைக் கொண்டுவரும் அந்தப் பழைய முதல் படிகளில் கையொப்பம், சரிபார்ப்பு எதுவும் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. ‘யாராவது இருக்கிறீர்களா’ என்ற கேள்விக்கு, அதே கேபிளில் இருக்கும் எந்தக் கணினியும் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடலாம். நம்பகமான உள் நெட்வொர்க்கைத் தாண்டி இதைத் திறந்துவிடுவது தவறு.

தனியொருவரின் மடிக்கணினிக்கு இந்த ஏற்பாடு உதவாது. வைஃபை விட்டுவிட்டு வரும் இடத்தில் மூல அடைவைத் தூரத்தில் வைப்பது வேதனைதான். ஆனால் ஒரே கூரைக்குக் கீழே ஒரே மாதிரி முப்பது நாற்பது கணினிகளும் கேபிளும் இருக்கும் இடத்துக்கு, குறிப்பாகப் பள்ளி, கல்லூரி ஆய்வகங்களுக்கு, இதைவிடச் சிக்கனமான வழியை நான் அறியேன். ஒரு சர்வரில் நிறுவி, ஓரிடத்தில் புதுப்பித்தால் போதும். இதற்கென்றே லினக்ஸ் டெர்மினல் சர்வர் புராஜெக்ட் என்ற திறந்த மூல மென்பொருள் 1999 முதல் இருக்கிறது, விலை கிடையாது. வட்டு பழுதாகிவிட்டது என்று மூலையில் ஒதுக்கிய கணினிகள் உங்கள் பள்ளியில் இருந்தால், எடைக்குப் போடும் முன் ஒன்றை எடுத்து, நெட்வொர்க் கேபிளைச் செருகி, பயாஸ் அமைப்பில் நெட்வொர்க் வழியாகத் தொடங்கும் தெரிவு இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.